யாரென்று கேட்காத கூட்டம்

பயன்படுத்திய ஊசிகளைக் கவனமாகக் கையாள்வது பற்றி அந்த மருத்துவமனையில் நடந்த நான்காவது கூட்டம் அது. நிர்வாக அலுவலர் நாற்பத்தைந்து நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். அரங்கில் தொண்ணூற்றாறு நாற்காலிகள். வரிசை கலையக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலிக் கால்களை ஒன்றோடொன்று பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைக்கச் சொன்னவரும் அவர்தான். முன்வரிசை டாக்டர்களுக்கு, அதில் பாதி காலி. அதற்குப் பின்னால் நர்சுகள். அவர்களுக்குப் பின்னால் வார்டு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள். கடைசி வரிசை சலவைப் பிரிவு. வருகைப் பதிவேடு கைமாறிக் கைமாறிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. காலை எட்டு மணிக்கு வந்தால் வேலை முடியாமல் கிளம்ப மாட்டார். ஒரு தாளைக்கூடக் கோணலாக வைக்க மாட்டார். ஆனால் ஒலிவாங்கி கைக்கு வந்தால் மட்டும் விட மனம் வராது. ஊழியர்கள் அவருக்கு 'மைக் சார்' என்று பெயர் வைத்திருந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல பொறுப்புணர்ச்சி. ரெண்டாவது கவனம். மூணாவது..." என்று அவர் மூன்றாவது விரலை மடக்கியபோது, நர்சுகளின் தலைவியான பெரிய சிஸ்டர் மேடைக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

'சலவைப் பிரிவில் சின்னக்காவுக்கு ஊசி குத்திவிட்டது. அழுக்குத் துணி மூட்டைக்குள் கிடந்த ஊசி. ஐந்து நிமிடம் ஆகிறது.'

ஊசியைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊசி குத்தியிருக்கிறது! தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கமாகச் செய்வதையே செய்தார். "அனைவரும் மிகுந்த கவனத்துடன் பணியாற்ற வேண்டும்" என்று தீர்மானம் வாசித்தார். "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முந்தைய மூன்று கூட்டங்களிலும் நிறைவேறியது இதே தீர்மானம்தான். இந்த முறை 'மிகுந்த' என்ற சொல் மட்டும் புதிது.

அன்று மதியம் டைரக்டர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

"மூணு மாசத்துல இது அஞ்சாவது குத்து. இனிமே பேச்சு வேண்டாம். யார் பண்ணினதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குப் புத்தி வரும்."

ஆளைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ஒவ்வொரு துணி மூட்டையிலும் எந்த வார்டு, யார் கட்டியது என்று சீட்டு இருக்கும். இந்த மூட்டை மூன்றாவது வார்டிலிருந்து வந்தது. கட்டியவர் அங்கே உதவியாளராக இருக்கும் இளைஞர். கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளைச் சட்டையோடு வேலைக்கு வந்ததால் ஊரெல்லாம் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது, பெயர் போகவில்லை. மனைவிக்கு இது எட்டாம் மாசம்.

நிர்வாக அலுவலர் வேலைநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்து வைத்தார். அதோடு இணைக்க, குத்துப்பட்டவரின் புகார் மட்டும் பாக்கி.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். "நாலு கூட்டம் போட்டுட்டேன். எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுறாங்க. வெளிய போனா பழைய குருடி கதவைத் திறடிதான்."

"வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் மனைவி, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தியபடி. "இங்கயும் நீங்க பேசுறீங்க, நாங்க தலையாட்டுறோம். பதிவேடு ஒண்ணுதான் குறைச்சல். கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடுறேன்."

அவர் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் வியாழக்கிழமை. புகார்த் தாளை எடுத்துக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனார். ஆறு வருஷ வேலையில் அங்கே அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நீராவியும் சோப்பு நெடியும் முகத்தில் அடித்தன. ஒரு பக்கம் பெரிய இயந்திரங்கள் இரைந்தபடி சுற்றின. இன்னொரு பக்கம் நீளமான தகர மேஜை. அதன்மேல் மூட்டைகள் மலை மாதிரிக் குவிந்திருந்தன. தடிமனான உறை போட்ட கைகளோடு நான்கு பெண்கள் துணிகளை உதறி உதறிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு முக்காலியில், கட்டைவிரலில் சின்னக் கட்டோடு சின்னக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா முன்பு அங்கே வேலை பார்த்ததால் வந்த பெயர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

"எப்படிம்மா இருக்கீங்க? லீவு குடுத்திருக்கே, வீட்டுல இருக்கலாமே?"

"வீட்டுல இருந்தா விரலையே பாத்துக்கிட்டு இருப்பேன். இங்கன்னா வாயாலயாவது வேலை செய்யலாம். முதல் டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. நோய் தொத்தாம இருக்க ஒரு மாசம் மாத்திரை. அதைப் போட்டா குமட்டிக்கிட்டு வருது, அவ்ளோதான். நீங்க உக்காருங்கய்யா. அந்த மூட்டை மேல மட்டும் உக்காந்துடாதீங்க, அதுவும் மூணாவது வார்டுதான்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் நின்றுகொண்டே தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து. மூணாவது வார்டுப் பையன் கவனக்குறைவா மூட்டை கட்டினதால உங்களுக்குக் குத்துச்சுன்னு."

சின்னக்கா தாளை வாங்கி நிதானமாக, வரி விடாமல் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"மாப்பிள்ளையை அனுப்பிடுவீங்களா?"

"நடவடிக்கை எடுத்துத்தானே ஆகணும்."

"அவனை அனுப்பிட்டா அடுத்த வாரம் எனக்கு ஊசி குத்தாதா?"

அவர் தாளை மறுபடி நீட்டினார். சின்னக்கா வாங்கவில்லை.

"போன மாசம் குத்துன ஊசி ஒண்ணாவது வார்டு. அதுக்கு முந்தி அஞ்சாவது. எல்லாத்தையும் மாப்பிள்ளையா போய் ஒளிச்சு வச்சுட்டு வந்தான்? இதைத்தான்யா நான் போன கூட்டத்துல சொல்ல வந்தேன். கடைசி வரிசையில கையைத் தூக்கிக்கிட்டே இருந்தேன். நீங்க என்னைப் பாத்தீங்க. 'கேள்வியெல்லாம் கடைசில'ன்னீங்க. கடைசில நேரமாச்சுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அந்தக் கை அவருக்கு ஞாபகம் வந்தது. தம் பேச்சின் நடுவே இடைஞ்சலாகத் தெரிந்த கை. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டு இருந்திருக்காதோ? புகார்த் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்பச் சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சது ஒரு ஓரம்தான். மூட்டை இங்க வந்ததுக்கப்புறம் உள்ளது. அதுக்கு முந்தி நடக்குறது அவங்கவங்களுக்குத்தான் தெரியும். எல்லாரையும் பேச வைக்கணும்."

"தொண்ணூறு பேரும்மா! எல்லாரும் பேசினா சந்தைக்கடை ஆயிடும்."

சின்னக்கா மேஜையைக் காட்டினார். "தொண்ணூறு கிலோ மூட்டையை அப்படியே மெஷின்ல திணிச்சா ஒண்ணும் வெளுக்காது. சாயமும் ரத்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். அதனாலதான் சின்னச் சின்னக் குவியலாப் பிரிக்கிறோம். ஆளுங்களையும் பிரிங்க, எட்டு எட்டுப் பேரா."

"வார்டு வாரியாவா?"

"ஐயோ, அதுதான் கூடாது. துணியில ஒரே ரகத்தை ஒண்ணாப் போடுவோம். ஆளுங்களை அப்படிப் போட்டா, ஒருத்தரை ஒருத்தர் மூடி மறைச்சுக்குவாங்க. ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், ஒரு உதவியாளர், தரை கூட்டுறவங்க, எங்க ஆளு ஒண்ணு. இப்படிக் கலந்து போடுங்க. அப்புறம் டாக்டரை முதல்ல பேச விடாதீங்க. அவர் பேசிட்டா மத்தவங்க ஆமாம் சாமிதான். சின்ன வேலை செய்யிறவங்க முதல்ல பேசட்டும்."

நிர்வாக அலுவலர் பையிலிருந்து பேனாவை எடுத்து, புகார்த் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளத் தொடங்கினார். அன்று மாலை பெரிய சிஸ்டரிடமும் கலந்து பேசினார். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். ஒன்று, கூட்டத்தில் 'யார்' என்ற வார்த்தையே வரக் கூடாது. 'எங்கே', 'எப்போ', 'எப்படி' மட்டும்தான். இரண்டு, நிர்வாக அலுவலருக்கு மூன்று நிமிடம். கடிகாரம் பெரிய சிஸ்டர் கையில்.

"மூணா? வணக்கம் சொல்லவே ரெண்டு நிமிஷம் ஆகுமே சிஸ்டர்."

"அப்ப மீதி ஒண்ணுதான் சார்."

வெள்ளிக்கிழமை காலை அரங்குக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டி, நாற்காலிகளைப் பன்னிரண்டு வட்டங்களாகப் போட்டிருந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு எண் கொடுத்து, அந்த எண் வட்டத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மூத்த டாக்டர், "என்ன சார், ஏதாவது விளையாட்டா?" என்று முணுமுணுத்தபடி ஒரு துப்புரவுப் பணியாளருக்கும் மருந்துக் கிடங்குக்காரருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். பதினொரு வருஷமாகத் தம் வார்டைக் கூட்டும் அந்த அம்மாவின் முகத்தை அவர் அவ்வளவு அருகில் பார்த்தது அன்றைக்குத்தான்.

நிர்வாக அலுவலர் ஒலிவாங்கி இல்லாமல் எழுந்தார். "வணக்கம். இன்னைக்கு யாரையும் பிடிக்க வரல. 'யாரு'ன்னு கேக்கவே கூடாது. ஒரே கேள்விதான். நோயாளி உடம்பை விட்டு வெளிய வந்த ஊசி, ஊசிப்பெட்டிக்குப் போகாம துணிக்குள்ள எப்படிப் போகுது? அது போற வழியை ஒவ்வொரு அடியாச் சொல்லுங்க. சின்ன வேலைக்காரங்க முதல்ல. இருபது நிமிஷம். நான் வாயைத் திறக்க மாட்டேன்." பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் மிச்சம்!" என்றார். அரங்கு முழுக்கச் சிரிப்பு. அதோடு இறுக்கம் பாதி போயிற்று.

முதல் ஐந்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கதைதான். நிர்வாக அலுவலருக்கு நாக்கு துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். பிறகு ஒரு வட்டத்தில் ஒரு குரல் எழுந்தது, இன்னொன்றில் இரண்டு. பத்தாவது நிமிடத்தில் அரங்கு தேன்கூடு மாதிரி இரைந்தது. ஒரு நர்ஸ் எழுந்து நின்று, கையில் பேனாவை ஊசி மாதிரிப் பிடித்து, எப்படித் திரும்புவேன் என்று நடித்துக் காட்டினார். ஒரு டாக்டர் தலையைச் சொறிந்தார்.

நேரம் முடிந்ததும் வட்டத்துக்கு ஒருவர், தாளில் எழுதியதைச் சொல்ல வேண்டும். முதல் வட்டம் வெளிச்சம் போதவில்லை என்றது. இரண்டாவது வட்டம், கையுறை தடிமன் பத்தாது என்றது. எல்லாம் உண்மைதான், ஆனால் ஓரத்து உண்மை. நாலாவது வட்டத்தின் முறை வந்தபோது எழுந்தது மாப்பிள்ளை. தன் பெயர் உத்தரவுத் தாளில் இருப்பது அவருக்குக் காற்றுவாக்கில் தெரிந்திருந்தது. ஆனாலும் நேராக நின்று சொன்னார்.

"நாப்பத்திரண்டு அடிங்க."

"என்ன நாப்பத்திரண்டு?" என்றார் மூத்த டாக்டர்.

"எங்க வார்டுல கடைசிக் கட்டில்லேர்ந்து, இப்ப வாசல்ல வச்சிருக்கிற ஊசிப்பெட்டிக்கு நாப்பத்திரண்டு அடி நடக்கணும். நேத்து எண்ணினேன். சிஸ்டர் ஊசி போட்டு முடிச்சதும் பக்கத்துக் கட்டில்ல யாராவது மூச்சு வாங்குதுன்னு கூப்பிடுவாங்க. ஊசியைக் கையில வச்சுக்கிட்டு ஓட முடியாது. கட்டில்மேல தட்டுல வைப்பாங்க. நோயாளி காலை அசைச்சா தட்டு சாயும். ஊசி விரிப்புல போயிடும். நான் வந்து விரிப்பைச் சுருட்டி மூட்டை கட்டுவேன். நான் உதறிப் பாக்கல, அது என் தப்பு. ஆனா உதறினா எனக்குக் குத்தும்."

"எங்க வார்டுல முப்பத்தெட்டு" என்று ஒரு நர்ஸ் எழுந்தார். "அஞ்சாவதுல அம்பது இருக்கும்" என்றது இன்னொரு குரல். ஒன்பது வட்டங்களின் தாளில் இதே விஷயம்தான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவரவர் வார்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

நிர்வாக அலுவலரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "பெட்டி முன்னாடி எங்க இருந்துச்சு?"

"ஊசி போடுற தள்ளுவண்டியிலயே இருந்துச்சு சார். கைக்கெட்டுற தூரம்."

"அறிவு கெட்டத்தனமா இருக்கே! அதை வாசலுக்குக் கொண்டுபோய் வச்சது யாரு?"

தொண்ணூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் சின்னக்காதான் வாய் திறந்தார்.

"ஐயா, 'யாரு'ன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கேட்டா உங்களுக்கே சங்கடம்."

அங்கங்கே அடக்கிய சிரிப்புகள். பெரிய சிஸ்டர் தம் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். நான்கு மாதத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. மேலிடத்து ஆய்வுக் குழு வந்த வாரம். 'தள்ளுவண்டிகளில் மஞ்சள் ஊசிப்பெட்டிகள் தொங்குவது பார்வைக்கு நன்றாக இல்லை. வார்டுக்கு ஒன்றாக வாசலருகே மட்டும் வைக்கவும்.' கீழே அவருடைய கையெழுத்து, வழக்கம்போல் கோணல் இல்லாமல்.

அவர் முகம் சிவந்தது. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தாளை உரக்க வாசித்தார். தேதியையும் வாசித்தார். தம் பெயரையும் வாசித்தார்.

"எய்தவன் இங்க நிக்கிறேன், அம்பை வேலையை விட்டு அனுப்பப் பாத்தேன்" என்றார். "இதுவும் ஒரு கூட்டத்துல வச்சு ஒருமனதா நிறைவேறினதுதான். அன்னைக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"அன்னைக்கு நீங்க கேக்கல சார்" என்றார் பெரிய சிஸ்டர். "'மாற்றுக் கருத்து உண்டா'ன்னு கேட்டீங்க. அதைக் கேக்கும்போதே பேப்பரை மடிச்சுட்டீங்க."

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. 'கவனமாக இருக்க வேண்டும்' என்று யாரும் தீர்மானம் போடவில்லை. பெட்டிகள் இன்று மாலை நான்கு மணிக்குள் தள்ளுவண்டிகளுக்குத் திரும்ப வேண்டும், பொறுப்பு, கிடங்குக்காரர். விரிப்பைச் சுருட்டும் முன் நர்சும் உதவியாளரும் சேர்ந்து ஒரு முறை பார்க்க வேண்டும். நாளைக் காலை முதல். திங்கள்கிழமை இதே வட்டங்கள் பதினைந்து நிமிடம் கூடி, சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு நேரம். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். மூத்த டாக்டர் எழுந்து போகும்போது பக்கத்திலிருந்த துப்புரவுப் பணியாளரிடம், "கட்டிலுக்கடியில ஊசி கிடக்குற இடம்னு நீங்க சொன்னதை வார்டுல வந்து காட்டுங்கம்மா" என்றார்.

நாற்காலிகள் இன்னும் வட்டமாகவே கிடந்தபோது டைரக்டர் உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "கல்யாண வீடு கலைஞ்ச மாதிரி இருக்கு. ஆள் கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சாச்சு சார்."

"உத்தரவைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடுறேன்."

"பேரை மட்டும் மாத்தணும் சார். அதுல என் பேரு வரணும்." சுற்றறிக்கையை அவர் கையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சின்னக்காவும் மாப்பிள்ளையும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நாலு கூட்டத்துல வராதது இன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு? அப்படி என்ன பேசினீங்க?"

"மூணு நிமிஷம்தான் பேசினேன் சார். மிச்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்தேன். இத்தனை நாளா தொண்ணூறு பேரைக் கூட்டி வச்சு நான் ஒருத்தனே பேசிட்டு, அதுக்குக் கூட்டம்னு பேர் வச்சிருந்தேன். பிரச்சினைக்கு வழி, வேலை செய்யிற கைக்குத்தான் தெரியும் சார். 'யார் பண்ணினது'ன்னு கேட்டா அந்தக் கை தன்னைக் காப்பாத்திக்க ஒளிஞ்சுக்கும். 'எங்க தப்புது'ன்னு கேட்டா அதுவே முன்னால வந்து காட்டும். கூட்டத்தைக் கூட்டுறவன் முதல்ல வாயை மூடிக் காதைத் திறக்கணும். இல்லேன்னா ஆயிரம் தீர்மானம் போட்டாலும் ஒரு ஊசிகூடப் பெட்டிக்குப் போகாது."

டைரக்டர் வேலைநீக்க உத்தரவை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார். "திங்கக்கிழமை அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கு நானும் வரேன். எனக்கு எந்த வட்டம்?"

"எங்க வட்டத்துல ஒரு இடம் இருக்கு சார்" என்றார் சின்னக்கா. "ஆனா நீங்க கடைசியாத்தான் பேசணும்."